செல்லம்மாவைத் தேடிப் போனவர்கள்

போன மாதம், எங்கள் துறையில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பிள்ளைகள் காளப்பநாயக்கன்பட்டிக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டிவிட்டு, "நாடித்துடிப்பு, தூக்கம், படபடப்பு எல்லாத்தையும் இதுவே சொல்லிடும் சார்" என்றாள். சொல்லத்தான் செய்தது. இதே கணக்கை எடுக்க நாங்கள் ஒரு ஜீப் நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போனோம் என்றதும் இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு அவள் கேட்டாள்: "உங்க கொல்லிமலை ஆராய்ச்சியில இதயம், ரத்தக்குழாய் ரெண்டும் விரிவா வந்திருக்கு. மூளைப் பகுதி மட்டும் கைவிடப்பட்டதுன்னு ஒரே வரியில முடிஞ்சிருக்கு. ஏன் சார்?"

வாயால் சொன்னால் காப்பி ஆறிவிடும், எழுதியே தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை.

நான் சேர்ந்தது ஒரு மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில், உதவியாளராக. முதல் சில வருஷங்கள் எனக்குப் புகை போடுகிற வேலை. உருளையில் வழவழப்பான தாளைச் சுற்றி, மண்ணெண்ணெய்ப் புகையில் கறுப்பாக்கித் தரவேண்டும். தவளையின் இதயத்தை நூலால் ஒரு நெம்புகோலோடு கட்டினால், நெம்புகோலின் நுனி அந்தக் கரியைச் சுரண்டி வெள்ளைக் கோடு போடும். அட்ரினலின் ஒரு சொட்டு விட்டால் கோடு எகிறிக் குதிக்கும். புரோப்ரனலால் என்ற மருந்தை விட்டுவிட்டு மறுபடியும் அட்ரினலின் விட்டால், கோடு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பயத்திலும் ஓட்டத்திலும் உடம்பில் சுரக்கிற அட்ரினலின் இதயத்தில் போய் உட்கார ஒரு இடம் உண்டு. இந்த மருந்து முந்திக்கொண்டு போய் அந்த இடத்தில் துண்டு போட்டுவிடும், நம் டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போடுகிறார்களே அப்படி. வருகிறவர் நின்றுகொண்டே போகவேண்டியதுதான். மாணவர்களுக்குப் பேராசிரியர்கள் ஒரு மணி நேரம் விளக்கியதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். இன்றுவரை அது போதுமானதாகத்தான் இருக்கிறது.

டெக்னீசியனாக உயர்ந்து, இசிஜி, பேனா ஓடும் பதிவுக் கருவி எல்லாம் என் பொறுப்புக்கு வந்த பிறகு, தொண்ணூறுகளின் நடுவில் டாக்டர் மரகதம் எங்கள் துறைக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பேச்சில் ஒரு சொல் கூடுதலாக இருக்காது. நாடி பிடித்தால் கண்ணை மூடிக்கொண்டு முழு நிமிஷம் எண்ணுவார். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிறவர்களைப் பார்த்தால், "மீதி அரை நிமிஷம் அந்த ஆள் உயிரோட இல்லையா?" என்று கேட்பார். எந்த வேலையையும் நன்றாகச் செய்தீர்கள் என்று சொல்லமாட்டார். மறுபடி செய்யச் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் முதல் ஆறு மாதம் அவரைக் கண்டாலே வேறு அறைக்குப் போய்விடுவேன். பிறகு அவரை விட்டு வேறு யாரிடமும் வேலை செய்யப் பிடிக்கவில்லை.

மலைக்குப் போகிற யோசனை அவருடையது. இரத்தக்கொதிப்புக்கு இந்தப் புரோப்ரனலால் மாத்திரையைக் கொடுத்தால் மலைக்காரர்கள் பத்தே நாளில் நிறுத்திவிடுகிறார்கள், மேடு ஏற முடியவில்லை என்கிறார்கள் என்று அடிவார மருத்துவர்கள் குறைபட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையிலேயே முடியவில்லையா, எவ்வளவு குறைகிறது, கையிலும் காலிலும் இரத்த ஓட்டம் என்ன ஆகிறது, மூளையில் பயமும் நினைவும் என்ன ஆகின்றன, இதை நோயில்லாத ஆட்களிடம் ஒற்றை மாத்திரையில் பார்ப்பது திட்டம். கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் அனுமதி கிடைக்க மூன்று வருஷம் அலைந்தார். கடைசியில் துறைத் தலைவர் கையெழுத்துப் போடும்போது, "இது பாதியில நின்னா அதுக்கப்புறம் ஆராய்ச்சின்னு என்கிட்ட வராதீங்கம்மா, பாடம் எடுத்தாப் போதும்" என்றார். மேடம் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். 

மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அதில் அரியூர் நாட்டில் ஒரு ஊரில், காலியாகக் கிடந்த கிட்டங்கி ஒன்றைப் பிடித்தோம். மரவள்ளிக்கிழங்கு வாசம் கடைசிவரை போகவில்லை. இரத்த ஓட்டத்தை அளக்க, மேல்கையில் ஒரு பட்டை, முழங்கைக்குக் கீழே பாதரசம் நிரம்பிய மெல்லிய ரப்பர்க் குழாய் ஒரு சுற்று. பட்டையில் காற்றடித்தால் இரத்தம் கைக்குள் வரும், திரும்பிப் போகாது. கை மயிரிழை அளவுக்குப் பருக்கும், குழாய் நீளும், பேனா ஏறும். அது ஏறுகிற சரிவுதான் இரத்த ஓட்டத்தின் வேகம். ஜெனரேட்டர் ஒரு தும்மல் தும்மினால் பேனா கூடவே தும்மும். அதையும் இரத்தத்தையும் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. குளிர்ந்த நீரில் கையை வைக்கும் சோதனைக்கு, சேந்தமங்கலத்திலிருந்து உமி மூட்டைக்குள் ஐஸ்கட்டி வரும். எழுபது வளைவையும் சுற்றி ஏறி வரும்போது மூட்டையில் பாதி தண்ணீராகியிருக்கும்.

படி ஏறி இறங்கும் சோதனைதான் முதல் நாளே கவிழ்ந்தது. மரப்படி ஒன்று செய்து, தாளம் தட்டும் கருவியின் சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கச் சொன்னோம். "இத்தனூண்டு படிக்கு எதுக்குங்க மணி அடிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு ஆளாளுக்கு விளையாட்டுப் போல ஏறி இறங்கினார்கள். நாடி அசையவே இல்லை. மேடம் அந்தப் படியை எனக்கு உட்காரக் கொடுத்துவிட்டு, ஓடையிலிருந்து கிட்டங்கிவரை விறகுச் சுமையோடு ஏறி வரச் சொன்னார். அப்போதுதான் பேனாவுக்கு வேலை வந்தது.

ஒவ்வொருவரும் இரண்டு சுற்று வரவேண்டும். ஒரு சுற்றில் நிஜ மருந்து, ஒரு சுற்றில் வெறும் மாவு. இரண்டும் ஒரே மாதிரி காப்ஸ்யூல் கூட்டுக்குள் இருக்கும். எது எந்தச் சுற்றில் என்பது கீழே கல்லூரியில் ஒருவருக்குத்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது. இரண்டாவது சுற்றுக்கு ஆள் வராவிட்டால் முதல் சுற்றுக் கணக்கு குப்பைக்குத்தான் போகும். ஆரம்பிக்கும் முன் மேடமும் நானும் அந்த மருந்தைப் போட்டுக்கொண்டு ஒருவர் நாடியை ஒருவர் பார்த்தோம். பிறகு ஊர்க்கவுண்டரை, அதாவது அந்த ஊரின் தலைவரை, உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னோம். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "ஈளை இருக்கறவங்க வேண்டாம்னு சொல்றீங்க, அது சரிதானுங்க. மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்றார். மூச்சிரைப்பு உள்ளவர்களையும் நாடி மெதுவாக இருப்பவர்களையும் மேடம் ஒருவர் விடாமல் சோதித்து ஒதுக்கினார்.

இனி மூளைக்கு வருகிறேன். பயந்த சம்பவம் மனதில் ஆழமாகப் பதிவதற்கும் அட்ரினலின்தான் காரணமா என்பது கேள்வி. அப்படியானால் மாத்திரை போட்டவர்களுக்குப் பயங்கரமான கதையும் சாதாரணக் கதை அளவுக்குத்தான் நினைவிருக்க வேண்டும். மேடம் இரண்டு கதை எழுதினார். ஒருவருக்கு ஒன்றைத்தான், அதுவும் நடந்த சம்பவம் என்று சொல்லிக் கேட்க வைப்போம். இரண்டிலும் செல்லம்மா என்ற பெண் கைக்குழந்தையோடு, மிளகு மூட்டையோடு மலையிலிருந்து பஸ் ஏறுகிறாள். ஒன்றில் சேந்தமங்கலம் போய் மிளகை விற்றுவிட்டு வீடு திரும்புகிறாள். இன்னொன்றில் ஒரு வளைவில் பஸ்ஸை விட்டு இறங்கி நிற்கும்போது மேலேயிருந்து பாறை உருண்டு அவள் காலில் விழுகிறது. குழந்தை கையை விட்டுப் போய்விடுகிறது. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிறார்கள், ஆபரேஷன் அறைக் கதவு சாத்தப்படுகிறது. அதோடு கதை நின்றுவிடும். அவள் பிழைத்தாள் என்று முடித்தால் கேட்கிறவர் மனம் ஆறிவிடும், படபடப்பின் அளவு கெட்டுவிடும் என்பதால் மேடம் முடிவை வெட்டிவிட்டார். எட்டாம் நாள் கூப்பிட்டு என்ன நினைவிருக்கிறது என்று கேட்பது, அன்றே இது கற்பனை என்று சொல்லிவிடுவது. இதுதான் அனுமதி வாங்கிய முறை.

எல்லோருக்கும் ஒரே குரல் கேட்கவேண்டும் என்பதால் டேப்பில் பதிந்தோம். மேடத்தின் தஞ்சாவூர்த் தமிழ் மலையில் எடுபடாது. குரல் என்னுடையது. செல்லம்மா எந்த நாட்டுக்காரி என்று மட்டும் சொல்லவில்லை, யாருக்கும் சொந்தக்காரியாகிவிடக் கூடாதே என்று.

பாறைக் கதையைக் கேட்டவர்களில் பொங்கியம்மா என்று ஒருவர். நாற்பது வயதிருக்கும். விறகுச் சுமையோடு ஏறிவந்து, மூச்சு வாங்காமல் ஊர்ப் பேச்சும் பேசுகிறவர். டேப் ஓட ஓட அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். பதிவுப் பேனாவோ அசையாமல் ஒரே சீராகப் போகிறது. கம்பி கழன்றுவிட்டதோ என்று நான் தடவிப் பார்த்தேன். மேடம் வந்து நாடி பிடித்தார். வழக்கம்போல முழு நிமிஷம். மெதுவாகத்தான் இருந்தது.

"என்னமோங்க, நெஞ்சு படபடன்னு அடிக்கவே மாட்டேங்குது. மனசு மட்டும் கெடந்து தவிக்குதுங்க" என்றார் பொங்கியம்மா. "அந்தக் கொழந்தைய யாருங்க எடுத்தாங்க?"

"கதையில அது இல்லீங்க" என்று நான் சொல்லப் போனேன். கதை என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று மேடம் கண்ணைக் காட்டினார். "தெரியலீங்க" என்றேன். அன்று அவர் சாப்பிட்டது நிஜ மருந்துதான் என்பது பின்னால் தெரிந்தது.

எட்டாம் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம் வெயில் இறங்குகிற நேரம். கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஆள் அரவம். ஊர்க்கவுண்டர் முன்னால் நிற்கிறார், பின்னால் ஏறக்குறைய ஊரே நிற்கிறது. பொங்கியம்மா இடுப்பில் ஒரு கூடை, அதில் சாமையும் ஒரு தேன் பாட்டிலும். அவர் காலெல்லாம் செம்மண்.

"ஏனுங்க மிசின்காரரே, ஒரு ஞாயம் கேக்க வந்திருக்கறமுங்க" என்றார் கவுண்டர். "பாதிப் பேரு அந்தப் புள்ள மொளகு வித்துப்போட்டு ஊடு வந்து சேந்துட்டாங்கறாங்க. பாதிப் பேரு ஆஸ்பத்திரியில கெடக்கறாங்கறாங்க. ரெண்டு பேருமே நீங்கதான் சொன்னீங்கங்கறாங்க. நாலு நாளா ஊருக்குள்ள இதே சண்டைங்க. எதுங்க நெசம்?"

 பொங்கியம்மா முன்னால் வந்தார்.

"எந்த நாடுன்னு நீங்க சொல்லலீங்களே. நானும் எம் பொறந்தவளும் வளப்பூர் நாடு, திண்ணனூர் நாடு எல்லாம் கேட்டுப்போட்டு வந்துட்டமுங்க. அடிபட்ட புள்ளைய ஒரு எட்டுப் போய்ப் பாக்காம எப்புடிங்க இருக்கறது? ஒரு ஊருல கால் ஒடிஞ்சவ ஒருத்தி இருக்கறான்னாங்க. போனா, அவ பலா மரத்துல இருந்து உழுந்தவளாம், பேரும் வேறயாம். வெறுங்கையோட பாத்துட்டு வரக்கூடாதேன்னு பாதிச் சாமைய அவளுக்குக் குடுத்துப்போட்டு, மறுக்கா சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்கே போனமுங்க. அங்கயும் செல்லம்மான்னு யாரும் இல்லைன்னுட்டாங்க. பெரியசாமிக்குச் சேவல் நேந்திருக்கறன். அவ எங்கீங்க இருக்கறா?"

மூன்று நாளாக அவர்கள் மலையெங்கும் நடந்திருக்கிறார்கள். ஊர் முழுக்க அந்தக் கதையையே பேசி, வரிக்கு வரி மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். மாத்திரையா மாவா என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. மூளைப் பகுதி போயே போய்விட்டது என்பது எனக்கு அந்த வாசலிலேயே புரிந்துவிட்டது. ஆனால் இதயமும் இரத்தக்குழாயும் மிச்சம் இருந்தன. இரண்டாவது சுற்று இன்னும் தொடங்கவே இல்லை. இந்த ஜனம் கோபித்துக்கொண்டு திரும்பினால், மேடத்தின் மூன்று வருஷமும் இனிமேல் வரவேண்டிய வருஷங்களும் சேர்ந்து போய்விடும்.

உட்காருங்க என்று அவர்களுக்குப் பாய் விரித்துவிட்டு, பின்பக்கம் ஜெனரேட்டர் அருகே இருந்த மேடத்திடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். யோசனையும் சொன்னேன்.

"மேடம், பொழச்சுக்கிட்டா, ஊடு போய்ச் சேர்ந்துட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிடலாம். ரெண்டு கதையும் ஒண்ணாப் போயிடும். எல்லாரும் சந்தோஷமா எழுந்திருச்சுப் போவாங்க. நானே சொல்லிடறேன், என் குரல்தானே."

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "முத்துசாமி, முதல் பொய்க்குக் குழுவுல அனுமதி வாங்கியிருக்கேன். ரெண்டாவது பொய்க்கு யார்கிட்ட வாங்கறது?"

"அப்ப எல்லாம் போயிடும் மேடம்."

"போகட்டும். அந்தம்மா மூணு நாள் நடந்திருக்காங்க."

சொல்லிவிட்டு முன்னால் போனார். நாற்காலி இருந்தும் பாயில்தான் உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்றேன். எனக்கு ஆத்திரமும் பயமும் ஒன்றாக வந்தது. நியாயமான மனுஷிகளோடு வேலை பார்ப்பதில் இந்தத் தொல்லை உண்டு.

"செல்லம்மான்னு யாரும் இல்லை" என்றார் மேடம். "நான்தான் எழுதினேன். பயந்தா மனசு எப்படி ஞாபகம் வெச்சுக்குதுன்னு பார்க்கறதுக்காகக் கற்பனையா எழுதினது. ரெண்டு நாள் கழிச்சு உங்ககிட்ட உண்மையைச் சொல்றதா இருந்தேன். அதுக்குள்ள நீங்க தேடிப் போவீங்கன்னு எனக்குத் தோணவே இல்லை. அலைய வெச்சுட்டேன். என்னை மன்னிச்சுக்கணும்."

 கவுண்டர் மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் சாமானை ஜீப்பில் ஏற்றத் தொடங்கிவிட்டேன்.

"அப்ப அந்தப் பாறை?" என்றார் பொங்கியம்மா.

"பாறையும் விழலைம்மா."

"கொழந்தை?"

"குழந்தையும் இல்லை."

"ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்களா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

பொங்கியம்மா கூடையைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்து, "அப்பாடா, பெரியசாமி! எத்தன நல்ல சேதி!" என்றார். அப்படியே சிரித்தார், கண்ணிலும் தண்ணீர். பின்னாலிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாறைக் கட்சி மிளகுக் கட்சியைக் கிண்டல் செய்தது, மிளகுக் கட்சி நாங்கள்தான் அப்போதே சொன்னோமே என்றது. நாங்கள் கோபத்துக்குத் தயாராக இருந்தோம். இப்படி ஒரு நிம்மதிக்கு நாங்கள் தயாராக இல்லை. எனக்கு அந்த ஜனத்தின் மேல் அப்படியொரு பாசம் பொங்கியது. மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

கவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை. கையைத் தூக்கிக் கூட்டத்தை அடக்கினார். "டாக்டரம்மா, உண்மையச் சொன்னீங்க, அது பெரிய மனசுங்க. ஆனா ஊருக்கு மின்னால பொய்ச் சேதி வந்துபோச்சு. எங்க நாட்டுல அதுக்குத் தெண்டம் உண்டுங்க."

"என்னங்க தெண்டம்?" என்று நான் முந்திக்கொண்டு கேட்டேன்.

"நீங்க சும்மா இருங்க மிசின்காரரே. அவங்கதான் கட்டோணும்." மேடத்தைப் பார்த்துச் சொன்னார்: "அவளை ஆபரேசன் ரூம்புல கொண்டுபோய்ப் படுக்க வெச்சுக் கதவையும் சாத்திப்போட்டீங்க. இல்லாதவளாவே இருக்கட்டும், அதுக்காக அப்படியே உட்டுப்போட்டுப் போறதுங்களா? முடிச்சுக் குடுத்துட்டு மத்த வேலையப் பாருங்க."

மேடம் என்னைப் பார்த்தார். என்னால் உதவ முடியாது என்று கையை விரித்தேன். தாளில் இல்லாத ஒரு சொல்லை வாழ்க்கையில் சொல்லாத மனுஷி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது, டாக்டர் வெளியே வந்தார், எலும்பு கூடிவிடும் என்றார். "குழந்தை?" என்று கூட்டம் கேட்டது. குழந்தை புல்மேல் விழுந்தது, கண்டக்டர் எடுத்தார் என்றார் மேடம். "பால் ஆருங்க குடுத்தா?" என்றார் பொங்கியம்மா. பஸ்ஸில் வந்த இன்னொரு தாய் கொடுத்தாள். "எந்த ஊர்க்காரி?" அரியூர் நாட்டுக்காரி என்றார் மேடம், ஒரு நொடிகூட யோசிக்காமல். கூட்டம் திருப்தியாகத் தலையாட்டியது. மிளகு மூட்டை என்ன ஆயிற்று என்று மிளகுக் கட்சியில் ஒருவர் கேட்டார். டிரைவர் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார். செல்லம்மா கட்டுப் பிரித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பஸ் ஏறி, வீடு வந்து சேர்ந்தாள்.

சேவல் என்ன ஆகும் என்று யாரோ கேட்டார்கள். நேர்ந்தது நேர்ந்ததுதான், அது சாமிக்கு என்று கவுண்டர் தீர்த்துவைத்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "காத்தால எத்தன மணிக்குங்க வரோணும், அடுத்த சுத்துக்கு?" என்று என்னைக் கேட்டார்.  வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்பதை மட்டும் எப்படியோ சொல்லிவிட்டேன்.

எல்லோரும் படியிறங்கினார்கள். பொங்கியம்மா தேன் பாட்டிலை மேடத்தின் கையில் கொடுத்துவிட்டு இறங்கியவர், பாதி வழியில் நின்று திரும்பினார்.

"ஏனுங்க டாக்டரம்மா, காலு நொண்டாதுங்களே?"

அந்த மாதிரி எலும்பு முறிவுக்கு என்ன ஆகும் என்பது மேடத்துக்கு நன்றாகத் தெரியும். எனக்கே தெரியும்.

"நொண்டாதும்மா" என்றார் மேடம். "உங்களை மாதிரியே மேடு ஏறுவா."